காலிப் பெட்டி போகும் வழி

பிள்ளைப்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

லாரி உரிமையாளர் நண்பர்களே, ஆலைகளின் லாஜிஸ்டிக்ஸ் பிரிவுகளிலிருந்து வந்திருப்பவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஓட்டுநர் தோழர்களே, பாலிடெக்னிக் மாணவர்களே!

அழைப்பிதழில் "எதிர்காலச் சரக்குப் போக்குவரத்தில் இயற்பியல்" என்று அச்சடித்துவிட்டார்கள். ஓட்டுநர் இல்லாத லாரியையும் குவாண்டம் கணினியையும் எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். குவாண்டத்துக்குக் கடைசியில் ஒரு சில நிமிடம் வைத்திருக்கிறேன். நான் பேச வந்தது இந்த அரங்குக்கு வெளியே நிற்கும் டிரெய்லரைப் பற்றி. இங்கிருந்து துறைமுகத்துக்கு அது எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், திரும்பும்போது அதன் மேல் என்ன இருக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்குத்தான் நாம் பணத்தையும் சிமென்ட்டையும் கொட்டிக்கொண்டிருக்கிறோம். மற்ற இரண்டில்தான் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது என்பது என் கட்சி.

இந்த வட்டாரத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ், பிறகு ராயல் என்ஃபீல்டு, இடையில் செல்போன் ஆலைகள், இப்போது பிள்ளைப்பாக்கத்தில் மின்னணு உற்பத்தி. ஆலைகள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் சரக்கு இறங்கும் வழிகளை எண்ணிப் பாருங்கள்: பெங்களூரு நெடுஞ்சாலை, சிங்கப்பெருமாள் கோவில் சாலை, வண்டலூர் – வாலாஜாபாத் சாலை. பின்னிரண்டும் ஒரகடத்தில் வெட்டிக்கொள்கின்றன. காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சந்திப்பில் கம்பெனி பஸ்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவே பைக்கில் மாட்டியவர்களுக்கு நான் எந்தப் படமும் போட்டுக்காட்ட வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு லாரியின் கணக்கு.

சரக்கோடு சேர்த்து 40 டன் எடையுள்ள டிரெய்லர் 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 55 லட்சம் ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் பிரேக் டிரம்மில் சூடாகிக் காற்றில் போய்விடும். மறுபடி அதே வேகத்துக்கு ஏற்ற வேண்டும். டீசலில் உள்ள ஆற்றலில் நூற்றுக்கு நாற்பது பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இதற்கு ஏறக்குறைய 400 மில்லி டீசல் செலவாகும். அதே வண்டி அதே வேகத்தில் நிற்காமல் ஒரு கி.மீ. ஓட, டயர் உருளும் தடையையும் காற்றின் தடையையும் சேர்த்தால் கால் லிட்டருக்குக் குறைவு. ஆக, ஒரு தடவை நின்று கிளம்புவது ஒன்றரை கி.மீ. ஓடியதற்குச் சமம். பத்து இடத்தில் நிறுத்தும் 50 கி.மீ. பாதையும் எங்கும் நிற்காத 65 கி.மீ. பாதையும் டீசல் கணக்கில் ஒன்றுதான். அனுபவமுள்ள ஓட்டுநர் ஊருக்குள் புகாமல் வெளிவட்டச் சாலையைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்து, "ஏன்யா கிலோமீட்டர் கூடுது?" என்று அலுவலகத்தில் ஜி.பி.எஸ். பார்ப்பவர் போனில் சத்தம் போடுகிறார். இயற்பியல் ஓட்டுநர் பக்கம் நிற்கிறது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளின் விற்பனைவரிச் சோதனைச்சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இரண்டையும் வரி, வசூல் சீர்திருத்தம் என்றே பேசுகிறோம். பிரேக் டிரம்மைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும்.

"அப்படியானால் ரயில்?" என்று கேட்பீர்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும் தடை, லாரி டயரின் தடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வாலாஜாபாத் நிலையத்தில் கார்களை ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்புவதன் நியாயம் அதுதான். ஆனால் 50 கி.மீ. தொலைவுத் துறைமுகத்துக்கு, ஆலையில் லாரியில் ஏற்றி, நிலையத்தில் இறக்கி, ரயிலில் ஏற்றி, மறுபடி இறக்குவதென்றால் தண்டவாளத்தில் சேமித்ததைக் கிரேன் தின்றுவிடும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்து ஆலை வாசல்வரை கிளைப்பாதையும் போட்டால் இந்தக் கணக்கு மாறும். அதுவரை லாரிதான்.

இனி ஒரு லாரியை விட்டு ஆயிரம் லாரிக்கு வருவோம். இயற்பியல் சுவாரசியமாவது இங்கேதான். ஒரு மூலக்கூறின் ஓட்டத்தை நியூட்டனே சொல்லிவிடுவார். கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் வெப்பம், அழுத்தம், அலை என்ற புதிய சங்கதிகள் வருகின்றன. போக்குவரத்தும் அப்படித்தான். 1955-இல் லைட்ஹில், விதம் என்ற இரு பிரிட்டிஷ் கணிதவியலாளர்கள் சாலையில் ஓடும் வண்டிகளை ஒரு திரவமாகப் பாவித்துச் சமன்பாடு எழுதினார்கள். நெரிசல் என்பது பின்னோக்கி நகரும் ஓர் அலை என்று அதிலிருந்து தெரிந்தது. 2008-இல் ஜப்பானில் சுகியாமா குழுவினர் இதை நேரிலேயே காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை, 22 கார்கள், எல்லாரும் 30 கி.மீ. வேகத்தில் போங்கள் என்று மட்டும் உத்தரவு. சிக்னல் கிடையாது, குறுக்கே மாடு கிடையாது, யாரும் கோட்டைத் தாண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் வட்டத்தின் ஓரிடத்தில் கார்கள் நின்றுவிட்டன. அந்த நின்றுபோன கொத்து, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்கு 20 கி.மீ. அளவில் நகர்ந்துகொண்டே இருந்தது. யார் மேலும் குற்றமில்லை. அடர்த்தி ஓர் அளவைத் தாண்டினால், ஒருவர் லேசாக பிரேக் தொடுவதே பெரிதாகிக்கொண்டு போகும். நம் சாலையில் ஒரு டிரெய்லர் நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று யோசியுங்கள். அலையைப் பெரிதாக்குவதற்கென்றே செய்த வண்டி அது.

சரி, சாலையைக் கூட்டினால் தீருமே? எல்லா நேரமும் தீரும் என்று சொல்ல முடியாது. 1968-இல் டீட்ரிச் பிரெஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் போட்ட கணக்கை, எண்களை மாற்றி நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். இது கற்பனைக் கணக்கு. எந்தச் சாலையையும் அளந்து எழுதியதல்ல. ஒரகடத்திலிருந்து துறைமுகத்துக்கு இரண்டு வழிகள். இரண்டிலும் ஓர் அகலமான பகுதி, ஒரு குறுகலான பகுதி. அகலமான பகுதியைக் கடக்க, எத்தனை வண்டி வந்தாலும் 60 நிமிடம். குறுகலில் கூட்டத்தைப் பொறுத்து நேரம் ஏறும்: 20 வண்டிக்கு ஒரு நிமிடம். முதல் வழியில் குறுகல் முன்னால் வரும், இரண்டாவது வழியில் பின்னால் வரும். ஆயிரம் வண்டிகள் பாதிப் பாதியாகப் பிரிந்து போகின்றன. ஒவ்வொன்றுக்கும் குறுகலில் 25, அகலத்தில் 60, மொத்தம் 85 நிமிடம்.

இப்போது முதல் வழியின் குறுகல் முடியும் இடத்திலிருந்து இரண்டாவது வழியின் குறுகல் தொடங்கும் இடத்துக்கு, 5 நிமிடத்தில் தாண்டும் ஓர் இணைப்புச் சாலை போடுகிறோம். ரிப்பன் வெட்டியாயிற்று. முதல் ஆளாக அதில் திரும்பியவருக்கு 25, 5, 25, ஆக 55 நிமிடத்தில் துறைமுகம். அரைமணி மிச்சம்! உடனே வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மறுநாள் பாதிப்பேர், அடுத்த வாரம் எல்லாரும் அந்த வழிதான். இரண்டு குறுகலிலும் ஆயிரம் வண்டி. 50, 5, 50, ஆக 105 நிமிடம். சாலை போடுவதற்கு முன்னால் 85. போட்ட பிறகு 105. பழையபடியே போய்விடலாம் என்று ஒருவர் மட்டும் தனியாகத் திரும்பினால் அவருக்கு 50-உம் 60-உம் 110. அதனால் அவரும் திரும்ப மாட்டார். எல்லாரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டு, எல்லாரும் இருபது நிமிடம் இழந்து, யாராலும் தனியாக வெளியே வர முடியாத நிலை.

வார்ட்ராப் என்பவர் 1952-லேயே இதைப் பிரித்து வைத்துவிட்டார். ஒவ்வொருவரும் தனக்குக் குறைந்த நேரத்தைத் தேடி வந்து நிற்கும் சமநிலை ஒன்று. எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் மிகக் குறைவாக வரும் பங்கீடு வேறொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உங்கள் செல்போன் மேப் காட்டுவது முதலாவதை. அதற்கு உங்கள் ஒருவர் நேரம்தான் கண்ணில் படும்.

இதைக் கேட்டுவிட்டு, மாமல்லபுரம் பக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வழியாக எண்ணூர் பக்கம் போகும் சென்னை எல்லைச் சாலை வேண்டாம் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். நகரத்துக்குள் நுழையாமல் காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போக அந்தச் சாலை கட்டாயம் வேண்டும். பிரெஸ் சொன்ன நிலை எல்லாச் சாலைக்கும் வராது. குறுகலையும் குறுகலையும் கோக்கும் குட்டி இணைப்புகளில்தான் அந்த ஆபத்து. சியோல் நகரத்தில் 2003-இல் ஒரு மேம்பாலச் சாலையையே இடித்துவிட்டு, 2005-இல் அதன் அடியில் மூடிக்கிடந்த சொங்கியேச்சொன் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பிக்கும் என்று பயந்தார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. சாலை போடுவதற்கு முன்னால் வலைப்பின்னல் முழுவதையும் கணினியில் ஓட்டிப் பாருங்கள் என்பதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது கேட். வரிசை நிற்கும் இடம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுநர்களின் வாழ்க்கையில் பாதி அங்கேதான் போகிறது.

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். கேட் மணிக்கு 60 வண்டியை உள்ளே விடுகிறது, வரிசையில் 300 வண்டி நிற்கிறது என்றால், கடைசியில் வந்து சேர்ந்தவருக்கு 5 மணி நேரம். எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் தொடங்கி வரிசை நின்ற நாட்களை அனுபவித்தவர்களுக்கு இந்த வாய்ப்பாடு மனப்பாடம்.

அதைவிட விஷமமான விதி ஒன்று உண்டு. ஒரு வண்டியைப் பார்த்து, முத்திரையைச் சரிபார்த்து அனுப்பச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. வண்டிகள் முன்பின் ஒழுங்கில்லாமல் வருகின்றன என்று வையுங்கள். கேட் பாதி நேரம் மட்டுமே வேலை செய்யும் அளவுக்கு வண்டி வந்தால், சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம். நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலை என்றால் 8 நிமிடம். 90 என்றால் 18. 95 என்றால் 38. 99 என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல். வண்டிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காத்திருப்பு நூறு மடங்காகிவிட்டது. "கேட் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக்கூடாது" என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டும் மேலாளருக்கு இந்த வரிசை எண்களை எழுதிக் கொடுங்கள். கேட்டைச் சும்மா விடாமல் பிழிந்தால் சாலையில் ஊர்வலம் நிற்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்கள் எல்லாம் "ஒழுங்கில்லாமல் வந்தால்" என்ற நிபந்தனையோடு வருபவை. அதே எண்ணிக்கை வண்டிகள் சீரான இடைவெளியில் வந்தால் வரிசை பெரும்பகுதி கரைந்துவிடும். கேட்டை அகலப்படுத்த வேண்டாம், ஆளைக் கூட்ட வேண்டாம். வரும் நேரத்தைச் சீராக்கினால் போதும். துறைமுகத்தில் இருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. 2022-இல் ஈரடுக்காக மாற்றி மறுபடி அடிக்கல். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் நேரம் ஒதுக்கும் முறையை எத்தனை தடவை போட்டுப் பார்த்துத் திருத்தியிருக்கலாம்!

நேரம் ஒதுக்குவது நமக்குப் புதிதா என்ன? இங்கே பிள்ளைப்பாக்கம் ஏரி இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் ஏரி இருக்கிறது. நிரம்பி வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். மதகைத் திறந்துவிட்டு "யார் முந்துகிறீர்களோ பாய்ச்சிக்கொள்ளுங்கள்" என்று எந்த ஊரிலும் விட்டதில்லை. இந்த வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறைத் தண்ணீர் வைத்தார்கள். முறையைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்று ஓர் ஆள். அவருக்குக் கூலியாக அறுவடையில் நெல். அவர் தலைமடைக்காரருக்கு வேண்டியவராக இருந்தால் கடைமடை காயும், ஊர்ப் பஞ்சாயத்தில் சண்டை வரும், அதுவும் உண்மை. வாய்க்காலை அகலப்படுத்துவதற்கு முன்னால் முறை வைத்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பகல் நேரத்தில் பெட்டி எடுத்தால் தனிக் கட்டணம், இரவில் வந்தால் இல்லை. நிறைய வண்டிகள் இரவுக்கு மாறின, பகல் நெரிசல் குறைந்தது. ஆனால் கட்டணம் முடியும் மாலை ஆறு மணிக்குக் காத்து ஐந்தரைக்கே வாசலில் புது வரிசை நின்றது. 2018-இல் அதை விட்டுவிட்டு, இரவு பகல் இரண்டுக்கும் ஒரே கட்டணம், நேரம் முன்பதிவு என்று மாறினார்கள். விலையை ஒரு நொடியில் மாற்றினால் கூட்டம் அந்த நொடியில் வந்து குவியும். நாம் செய்யும்போது அந்தப் படியிலேயே ஏறித் தொடங்கலாம்.

இனி என் தலைப்புக்கு வருகிறேன்: காலிப் பெட்டி.

இந்த வட்டாரத்தில் தினமும் நடப்பது இது. ஒரு மின்னணு ஆலைக்கு உதிரிபாகம் ஏற்றிய நாற்பதடிக் கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து வருகிறது. சரக்கை இறக்குகிறார்கள். காலிப் பெட்டியை ஓட்டுநர் மணலி, மாதவரம் பக்கத்து யார்டில் கொண்டுபோய் விட்டு ரசீது வாங்குகிறார். அதே நாள், பத்து கி.மீ. தள்ளி இருக்கும் இன்னோர் ஆலைக்கு ஏற்றுமதிக்குக் காலிப் பெட்டி தேவை. வேறொரு டிரெய்லர் அதே யார்டுக்குப் போய் ஒரு காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறது. சரக்கை ஏற்றித் துறைமுகத்துக்குப் போகிறது. ஒவ்வொரு நடையும் 50 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், பெட்டிகள் மொத்தம் 200 கி.மீ. பயணம் செய்தன, அதில் பாதி வெறும் காற்றைச் சுமந்து. முதல் ஆலையில் காலியான பெட்டியே நேராக இரண்டாவது ஆலைக்குப் போயிருந்தால் 50, 10, 50 என்று 110 கி.மீ.யில் முடிந்திருக்கும். 90 கி.மீ. மிச்சம், அதற்கான டீசலும் மிச்சம். சாலையில் ஒரு டிரெய்லரே குறைந்திருக்கும். ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடி ஓரமாக ஒரு மணி நேரம் நின்றால், எதிரெதிர்த் திசைகளில் காலிப் பெட்டிகள் ஒன்றையொன்று கடந்து போவதைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1781-இல் பாரிஸில் காஸ்பார் மோன்ஜ் கேட்டார்: பல இடங்களில் வெட்டிய மண்ணைப் பல இடங்களில் கொட்ட வேண்டும், எந்தக் குவியலை எந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோனால் சுமை கூலி மிகக் குறைவு? அதற்குத் தீர்வு வர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1939-இல் லெனின்கிராடில் கான்டரோவிச் ஒரு பிளைவுட் ஆலையின் கணக்கிலிருந்து அந்த வழிக்கு வந்தார். மேற்கே அதே கணக்கைத் தொட்டவர் ட்யாலிங் கூப்மன்ஸ் என்ற டச்சுக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டனில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அலுவலகத்தில் அவருக்கு வேலை. சரக்கை இறக்கிய கப்பல்கள் காலியாக எந்தத் துறைமுகத்துக்குப் போய் அடுத்த சரக்கை ஏற்ற வேண்டும் என்பதுதான் அவர் மேஜையில் இருந்த பிரச்சினை. நம்முடைய காலிப் பெட்டியேதான், அளவு பெரிது. கான்டரோவிச்சும் கூப்மன்ஸும் 1975-இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இங்கே மாணவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கூப்மன்ஸ் தொடக்கத்தில் இயற்பியல்காரர். அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைப் பற்றிய கூப்மன்ஸ் தேற்றம் இன்றும் குவாண்டம் வேதியியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கப்பல்களின் காலி ஓட்டத்தைப் பார்த்தபோது அவருக்கு மின்சுற்று தெரிந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு காலிக் கப்பலுக்கு ஒரு மதிப்பு உண்டு, மின்னழுத்தம் மாதிரி. கப்பல் மிகுந்து கிடக்கும் இடத்தில் மதிப்பு குறைவு, தட்டுப்பாடான இடத்தில் அதிகம். மின்னோட்டம் அழுத்தம் கூடிய முனையிலிருந்து குறைந்த முனைக்குப் பாய்கிறது. காலிக் கப்பல் மதிப்புக் குறைந்த துறைமுகத்திலிருந்து கூடிய துறைமுகத்துக்குப் போகிறது. திசைதான் வேறு, கணக்கு ஒன்று. அந்த மதிப்புகளைக் கண்டுபிடித்துவிட்டால், எந்தக் கப்பல் எங்கே போக வேண்டும் என்று மையத்திலிருந்து ஒவ்வொன்றாக உத்தரவு போட வேண்டியதே இல்லை. அதே கணக்கின்படி, இன்று காலை பத்து மணிக்கு ஒரகடத்தில் ஒரு நாற்பதடிக் காலிப் பெட்டிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரும் பலகையில் எழுதிப் போடுவதில்லை. அவ்வளவுதான் குறை.

முன்வரிசையில் ஒருவர் தலையாட்டிச் சிரிக்கிறார். அவர் சிரிப்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பெட்டி ஒரு கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். பக்கத்து ஆலை முன்பதிவு செய்திருப்பது வேறு கம்பெனியில். இவருக்கு நாற்பதடி, அவருக்கு இருபதடி. பெட்டியில் ஓட்டை, சொட்டை, நாற்றம் இருந்தால் யார் பொறுப்பு? யார்டில் பார்த்து ரசீது கொடுக்க ஆள் உண்டு, ஆலை வாசலில் யார் உண்டு? சுங்கத்துறைக் காகிதம் எப்படி மாறும்? அதற்கும் மேலே, தன்னிடம் இன்று எத்தனை பெட்டி காலியாகும் என்பதைப் போட்டியாளருக்குத் தெரிவிக்க எந்த ஆலை விரும்பும்? பெட்டி எண்ணிக்கை தெரிந்தால் உற்பத்தி எண்ணிக்கை தெரிந்துவிடுமே. இவை எல்லாம் நியாயமான தடைகள். ஒன்றுகூட இயற்பியல் தடை இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே கப்பல் கம்பெனியின் பெட்டிகளுக்குள் மட்டும் தொடங்கினால் பாதிச் சிக்கல் கிடையாது. பெட்டியைப் பார்த்து ரசீது கொடுக்கும் ஓர் ஆளை யார்டுக்குப் பதில் இங்கேயே உட்கார வைத்தால் இன்னொரு சிக்கல் தீரும். மப்பேட்டில் பன்முகச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே வரவேண்டியவற்றில் கிடங்கைவிட முதலில் வரவேண்டியது காலிப் பெட்டி மாற்றும் இடம் என்பேன்.

இனி வேகமாகப் போகிறேன். கார் ஆலைகளில் "மில்க் ரன்" என்று சொல்கிறீர்களே, ஒரே வண்டி பல சப்ளையர் வாசலில் நின்று பாகங்களைச் சேகரித்து வருவது, அந்தச் சுற்றை எந்த வரிசையில் போவது? 10 வாசல் என்றால் 36 லட்சத்துக்கு மேல் வரிசைகள். 20 வாசல் என்றால் இரண்டுக்குப் பின்னால் பதினெட்டு இலக்கம் போட வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சாதாரணக் கணினிக்கு ஆயுள் போதாது. 1959-இல் டான்சிக், ராம்சர் இருவரும் பெட்ரோல் லாரிகளுக்காக இந்தப் பிரச்சினையின் ஒரு வடிவத்தை எழுதினார்கள். 1983-இல் ஐ.பி.எம்.-இல் கிர்க்பாட்ரிக்கும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள், அதை உங்கள் வட்டாரத்திலேயே பார்க்கலாம். கண்ணாடி ஆலையில் உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து வரும் கண்ணாடித் தகடு, சுமார் 600 டிகிரி சூட்டில் ஒரு நீளமான அடுப்புக்குள் நுழைந்து மெதுவாக ஆறிக்கொண்டே வெளியே வருகிறது. சட்டென்று ஆறவைத்தால் உள்ளே இறுக்கம் தங்கி உடையும். மெதுவாக ஆறினால் அணுக்கள் தமக்கு வசதியான இடத்தைத் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கணக்கிலும் அதேதான். முதலில் "வெப்பநிலையை" உயர்த்தி வைத்து, மோசமான மாற்றங்களையும் அனுமதித்துப் பாதையைக் கலைத்துப் போடுகிறோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நல்ல மாற்றங்களை மட்டும் ஏற்கிறோம். மிகச்சிறந்த பாதை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மிக நல்ல பாதை, டீ குடித்து முடிப்பதற்குள், சாதாரண மடிக்கணினியிலேயே கிடைத்துவிடும்.

குவாண்டம் கணினிக்கு வாக்குக் கொடுத்தேன். 2017-இல் ஃபோக்ஸ்வாகன், டி-வேவ் எந்திரத்தை வைத்து பெய்ஜிங்கின் 418 டாக்சிகளின் பாதைகளை நெரிசல் வராமல் பிரித்துக்காட்டியது. நல்ல சோதனை. சாதாரணக் கணினியும் அந்த அளவுக் கணக்கைச் செய்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரட்டும், வரும்போது வரவேற்போம். நம் பிரச்சினை கணக்கு கஷ்டம் என்பதில்லை. கணக்கில் எதைச் செலவு என்று எழுதுவது என்பதில்தான் இருக்கிறது.

அதைச் சொல்லி முடிக்கிறேன். எந்த உகப்பாக்க நிரலும் "இதைக் குறை" என்று நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியைத்தான் குறைக்கும். ஆலையின் நிரலில் கிடங்கு வாடகை உண்டு, உற்பத்தி வரிசை நின்றால் நஷ்டம் உண்டு. வாசலில் டிரெய்லர் ஆறு மணி நேரம் நின்றால் அதற்கு என்ன விலை? பெரும்பாலான இடங்களில் பூஜ்யம். ஹால்டிங் சார்ஜ் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். விலை பூஜ்யம் என்று எழுதினால், நிரல் அதை அள்ளி அள்ளிச் செலவழிக்கும். உற்பத்தி வரிசைக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் வராமலிருக்க, நாலு வண்டியை முன்கூட்டியே வரவழைத்து வெயிலில் நிறுத்திவைக்கச் சொல்லும். அது பிழையான விடை இல்லை, கொடுத்த கணக்குக்குச் சரியான விடை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது, நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று வரம்பு வைத்தது. நிரல் எழுதுகிறவர்கள் அச்சு ஒன்றுக்கு இத்தனை டன் என்ற வரம்பை மறக்காமல் போடுகிறார்கள், இதையும் அதே இடத்தில் போடலாமே. டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவருக்கு, நின்ற நேரம் சொந்தப் பையிலிருந்து போகிறது.

பிரெஸ் கணக்கிலும் இதே கேள்வி வரும். எல்லாரும் 85 நிமிடத்தில் போக வேண்டுமென்றால் யாரும் அந்தக் குறுக்கு இணைப்பில் திரும்பக்கூடாது. அரைமணி மிச்சம் கண்ணுக்குத் தெரியும்போது அதை விட்டுக்கொடுக்கும் ஓட்டுநருக்கு என்ன கிடைக்கும்? நேரம் ஒதுக்கும்போது நள்ளிரவு இரண்டு மணி யாருக்கு? ஒரு வண்டி மட்டும் வைத்திருக்கும் உரிமையாளருக்கே எப்போதும் அது விழுந்தால் எந்த முறையும் ஆறு மாதம் தாங்காது. முறை சுற்றி வர வேண்டும், இரவில் வருகிறவருக்குக் கூடுதல் பேட்டா வர வேண்டும், காத்திருக்க நிழலும் கழிப்பறையும் இருக்க வேண்டும். இவற்றையும் உகப்பாக்கத்தின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

தொடங்குவதற்கு மென்பொருள்கூட வேண்டாம். பிள்ளைப்பாக்கத்தின் இந்தத் தொழிற்பூங்காவில் பத்து ஆலைகள் ஒப்புக்கொள்ளட்டும். வாசலில் ஒரு நோட்டு, நான்கு பத்தி. வண்டி வாசலுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், வெளியே போன நேரம், போகும்போது மேலே இருந்தது காலிப் பெட்டியா லோடா. ஒரு மாதம் எழுதினால் போதும். லிட்டிலின் விதி, வரிசைக் கணக்கு, காலிப் பெட்டிக்கு ஜோடி சேர்ப்பது, எல்லாம் அந்த நான்கு பத்தியிலிருந்தே வந்துவிடும்; பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு விடுமுறையில் போட்டுவிடுவார்கள். இப்போதும் நோட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதில் முதல் பத்தி கிடையாது. வண்டி உள்ளே வந்த பிறகுதான் அது பிறந்ததாகக் கணக்கு. அந்த முதல் பத்தியைக் காவலர் எழுத வேண்டாம், ஓட்டுநரே தன் கையால் எழுதட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நின்றுகொண்டிருப்பவர்கள் முதலில்.